வில்லங்கச் சான்றிதழில் இல்லாத மகள்

தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும், வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் பூமி பூஜை நடந்தது. ஓர் இளம் தம்பதி. வாழைக்கன்று கட்டி, மஞ்சள் பூசிய செங்கல்லுக்குத் தீபாராதனை காட்டினார்கள். பூஜை முடிந்ததும் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொங்கல் கொடுக்க எங்கள் வாசலுக்கு வந்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன்: இந்த மனைமீது 2018 முதல் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? தட்டை நீட்டியபடியே நின்றுவிட்டார். “முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். ஒன்றுமே இல்லையே அக்கா” என்றார். வில்லங்கம் என்று அவர் சொன்னது, ஒரு சொத்தின்மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிட்டுப் பதிவுத்துறை தரும் சான்றிதழை.

2019-ல் நீதிமன்றச் சம்மன் என் வீட்டுக்கு வந்தபோது நானும் இதையேதான் சொன்னேன்.

மறுநாள் அவர்களோடு நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வழக்கு எண்ணை எழுதிக் கொடுத்து, இனி இந்தப் புல எண்ணில் (சர்வே எண்ணில்) மனை வாங்க வருகிறவர்களாவது தெரிந்துகொள்ளும்படி இதை வில்லங்கத்தில் ஏற்றுங்கள் என்று கேட்டோம். உரிமையை ஆராய்வது எங்கள் வேலை அல்ல, நீதிமன்ற உத்தரவு இருந்தால் கொண்டு வாருங்கள் என்று பதில் கிடைத்தது. எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. எங்கே போயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போக முடியாததால்தான் இந்த மடல்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. 2014-ல் வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன் எடுத்து, இருந்த நகையையும் விற்று 1,200 சதுர அடி மனை வாங்கினோம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. 1984 முதல் 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டோம். அதை அடுக்களைத் தரையில் விரித்து வைத்து, நானும் கணவரும் வரிவரியாகப் படித்தது இன்றும் நினைவிருக்கிறது. மூன்றே பதிவுகள் இருந்தன. 1996-ல் அண்ணன் தம்பி இருவருக்குள் பாகப்பிரிவினை. 2005-ல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 40,000 ரூபாய்க்கு அடமானம். 2009-ல் அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது. நாற்பதாயிரம் ரூபாய்க் கடனைக்கூட வாங்கியது ஒரு வரி, தீர்த்தது ஒரு வரி என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறதே, இதில் எது விடுபடப் போகிறது என்று நம்பினோம்.

விடுபட்டது ஒரு மகள்.

நிலத்தை 1958-ல் கிரயம் வாங்கியவர் 1993-ல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூவர்: இரண்டு மகன்கள், 1971-லேயே பக்கத்து ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு மகள். பெண்ணுக்குச் சொத்துரிமை 1989-ல் வந்தது என்பார் ஒருவர், 2005-ல் வந்தது என்பார் இன்னொருவர். அவை இரண்டும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையைப் பற்றிய திருத்தங்கள். தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு என்பது 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவிலேயே இருக்கிறது. 1993-ல் தகப்பனார் கண் மூடிய நாளிலேயே மூன்றில் ஒரு பங்கு அந்த மகளுக்கு வந்துவிட்டது. அதற்கு அவர் எந்தப் பத்திரமும் எழுத வேண்டியதில்லை, எந்த அலுவலகத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இறப்பு பத்திர அலுவலகத்தில் பதிவாவதில்லை. வாரிசுரிமையால் கைமாறும் சொத்து வில்லங்கத்தில் தடம் விடுவதில்லை. 1996-ல் சகோதரர்கள் இருவரும், எங்களைத் தவிர வேறு வாரிசு யாரும் கிடையாது என்று தங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். அது அப்படியே பதிவாயிற்று. அதைக் காட்டிப் பட்டா இரண்டாகப் பிரிந்தது. என்னிடம் வந்தபோது பட்டா விற்பவர் ஒருவரின் தனிப்பெயரில், கூட்டுப் பட்டா என்ற சந்தேகத்துக்குக்கூட இடமில்லாமல் இருந்தது. லீகல் ஒப்பீனியன் என்று நாங்கள் வாங்கிய நான்கு பக்க வக்கீல் கருத்தும், தன் முன் வைக்கப்பட்ட ஆவணங்களின்படி இது விற்பனைக்கு ஏற்ற தெளிவான உரிமை என்று முடிந்தது. வைக்கப்பட்ட ஆவணங்கள் வில்லங்கமும் பட்டாவும் 1996 பத்திரமும். வாரிசுச் சான்றிதழ் எங்கே என்று வக்கீல் கேட்கவில்லை, வங்கியும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இன்று யார் மனை வாங்கப் போனாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

வழக்குப் போட்ட அந்த மகளை முதன்முதலில் நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். உட்கார இடம் கொடுத்தார். எந்த இடம் நீ வாங்கியது என்று கேட்டுவிட்டு, அவரே எல்லை சொல்ல ஆரம்பித்தார். வாய்க்காலுக்கு மேற்கு, வண்டிப் பாதைக்குத் தெற்கு, புளியமரத்து வரப்புக்கு வடக்கு, இப்படி நான்கு பக்கமும். 1958-ம் ஆண்டு மூலப்பத்திரத்தில் நான்கெல்லை என்ற தலைப்பின்கீழ் எழுதியிருப்பதும் இதே வரிசையில் இதேதான். இன்று வாய்க்கால் சிமெண்ட் சாக்கடையாகிவிட்டது, புளியமரம் இருந்த இடத்தில் மின்மாற்றி நிற்கிறது. அந்த நிலத்தின் சொத்து விவரம் எந்தக் கணினியையும்விடத் தெளிவாக அவர் நாக்கில் இருந்தது. “பெண்ணைக் கேட்டீர்களா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லையம்மா. நீயும் கேட்கவில்லை” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் கேட்டது தன் பங்கை. அதில் எனக்கு இன்றளவும் ஒரு குறையும் இல்லை. 2024-ல் என் மனையைப் பொறுத்தமட்டில் அவரோடு சமரசமாகி, அவருடைய மூன்றில் ஒரு பங்கை அவரிடமிருந்து தனியாகக் கிரயம் வாங்கினேன். அதாவது, 2014-ல் முழு நிலத்துக்கும் பணம் கொடுத்த நான், அதே நிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்குப் பத்தாண்டு கழித்து வழிகாட்டி மதிப்பு ஏறிய பிறகு மறுபடியும் கொடுத்தேன். அரசுக்கும் இரண்டு முறை கட்டினேன். முதல் முறை 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 1 விழுக்காடு பதிவுக் கட்டணமும், இரண்டாம் முறை 7 விழுக்காடும் 2 விழுக்காடும். விற்பவருக்கு இல்லாத பங்குக்கும் சேர்த்து 2014-ல் என்னிடம் வாங்கிய தீர்வையில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. என் கிரயப் பத்திரத்தில், பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன் என்று விற்றவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் 2017-ல் இறந்துவிட்டார்.

இப்போது உங்கள் தரப்பு நியாயத்துக்கு வருகிறேன். பதிவு அலுவலர் உரிமையை ஆராய முடியாது என்பது உண்மை. பதிவு செய்யப்படுவது பத்திரம்தானே தவிர உரிமை அல்ல. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது. முந்தைய மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 2022-ல் நீங்கள் கொண்டுவந்த 55-ஏ(1) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லி ரத்து செய்தது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்று சொல்லிவிட்டது. உங்கள் கைகள் எவ்வளவு கட்டப்பட்டிருக்கின்றன என்பதை நான் அறியாமல் எழுதவில்லை. தவிர, மூலப்பத்திரத்தின் அசலைக் கேட்டிருந்தாலும் நான் தப்பியிருக்க மாட்டேன். 1958-ம் ஆண்டு அசல், மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோய், விற்றவர் கையில்தான் இருந்தது. அதை அவர் எனக்குக் கொடுத்தும் விட்டார். அசல் யார் பெட்டியில் இருக்கிறது என்பதை வைத்து வாரிசுகள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் உரிமையை ஆராய்வது வேறு, தெரிந்ததைச் சொல்வது வேறு. வில்லங்கச் சான்றிதழ் எதைக் காட்டாது என்பது உங்கள் துறையில் கடைசி எழுத்தர் வரைக்கும் தெரியும். வெளியே நிற்கும் எங்களுக்குத்தான் தெரியாது.

அது காட்டுவது பெரும்பாலும், அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தை. உயில் 3-ம் புத்தகத்தில் இருக்கிறது. பதிவு செய்த உயிலாக இருந்தாலும் அது வில்லங்கத்தில் வராது. அசையாச் சொத்துக்கான பொது அதிகாரப் பத்திரமும், விற்பனை உடன்படிக்கையும், வங்கியில் அசல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனும் நம் மாநிலத்தில் கட்டாயப் பதிவுக்குள் வந்தது 2012 டிசம்பர் 1 முதல்தான். அதற்கு முன்பு ஒருவர் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், அதற்கு வில்லங்கத்தில் தடம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. நிலுவை வழக்கு வரவில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். சொத்து உரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி வழக்கு நடக்கும்போது வாங்குகிறவரை அந்த வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும், வழக்கு அவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். தெரியாதவரையும் கட்டும் என்று சட்டம் இருக்கும்போது, தெரிந்துகொள்ள ஒரு வழியாவது வேண்டாமா? பம்பாயில் 1939-லேயே இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். வழக்கு நிலுவையில் இருப்பதை அறிவிப்பாகப் பதிவு செய்தால்தான் பின்னால் வாங்குகிறவரை அது கட்டும் என்று அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம்மிடம் ஏன் அது வரக்கூடாது?

சான்றிதழில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. மனுதாரர் கொடுத்த சொத்து விவரத்தை வைத்துத் தேடிக் கிடைத்தவை மட்டுமே இதில் உள்ளன, அதே சொத்து வேறு விதமாக விவரிக்கப்பட்டிருந்தால் அந்தப் பத்திரங்கள் இதில் வராது என்ற பொருளில். படித்தவளான எனக்கே, அதன் கனம் வழக்குக்குப் பிறகுதான் புரிந்தது. 1958 பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். நாங்கள் தேடியது புதிய எண்ணை. பழைய எண்ணையும் போட்டுத் தேட வேண்டும், சார்பதிவகம் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும் என்று மனுப் படிவம் எங்களிடம் சொல்லவில்லை.

வருவாய்த்துறைக்குத் தனியாகச் சில வார்த்தைகள். பட்டா உரிமை ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. ஆனால் நாட்டுப்புறத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் ஏறிய பெயர்ப் பிழைகளையும் பரப்புப் பிழைகளையும் திருத்த இன்னும் மக்கள் மனுவோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். இறந்தவர் பெயரிலிருந்து பட்டா மாறும்போது பெண் வாரிசுகள் விடுபடுவதும் அதே வகையில் சேர்ந்த பிழைதான், அதைவிடப் பெரியதும்கூட. உட்பிரிவு தேவைப்படாத பத்திரங்களுக்கு இப்போது பதிவான உடனேயே பட்டா தானாக மாறுகிறது. அலைச்சல் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1996-ல் போல ஒரு வாரிசை விட்டுவிட்டு எழுதும் பத்திரமும் இனி அதே வேகத்தில் பட்டாவாகிவிடும். அதைத் தடுத்துக் கேட்க இடையில் ஓர் ஆள்கூட இருக்க மாட்டார்.

ஆகவே நான் கேட்பவை இவை.

வில்லங்கச் சான்றிதழின் முதல் பக்கத்திலேயே, படிக்கக்கூடிய எழுத்தில், எளிய தமிழில், இது எவற்றைக் காட்டாது என்று அச்சிடுங்கள்: உயில், வாரிசுகளின் பங்கு, நிலுவை வழக்கு, 2012-க்கு முன் பதிவாகாத வங்கிக் கடன், வேறு சர்வே எண்ணில் எழுதப்பட்ட பத்திரம். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஆணை போதும்.

புல எண்ணைப் போட்டுத் தேடினால் அதன் பழைய எண்ணிலும், எல்லை மாறியிருந்தால் பழைய சார்பதிவகத்திலும் கணினி தானாகவே தேடட்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியல் வருவாய்த்துறையிடம் இருக்கிறது. இரண்டு துறைகளும் ஒரே மாநிலத்தில்தான் இருக்கின்றன, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுங்கள்.

அசையாச் சொத்து பற்றிய உரிமையியல் வழக்கு எண் பெற்றவுடன், புல எண்ணோடு சேர்த்து அது வில்லங்கத்தில் ஏறும்படி சட்டத் திருத்தத்துக்கு அரசிடம் பரிந்துரை செய்யுங்கள். வழக்கு தள்ளுபடியானால் அதையும் ஏற்றுங்கள். பொய் வழக்குப் போட்டு விற்பனையைத் தடுப்பார்கள் என்ற வாதம் எனக்குத் தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. நான் கேட்பது பதிவை நிறுத்துவது அல்ல. வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும் என்பதுதான்.

இறந்தவரிடமிருந்து வந்த சொத்தை விற்கும் பத்திரத்திலும் பிரிக்கும் பத்திரத்திலும், வாரிசுச் சான்றிதழின் எண்ணும் அதிலுள்ள அத்தனை பேரின் பெயர்களும் எழுதப்பட வேண்டும். அந்த விவரம் வில்லங்கத்தின் அந்த வரியிலும் தெரிய வேண்டும். சரி பார்ப்பது அலுவலரின் வேலையாக இருக்க வேண்டாம். எழுதச் சொல்வதும், எழுதியதைக் காட்டுவதும் போதும். ஒரு பெயர் பத்திரத்தில் இருந்து, கையெழுத்துப் பக்கத்தில் இல்லை என்றால், வாங்கப் போகிறவர் அதைப் பார்த்து நின்று கேட்பார். இதற்கும் விதி போதாது, சட்டம்தான் வேண்டும் என்பதை 55-ஏ தீர்ப்பு காட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தை முன்மொழிய வேண்டியவர்கள் நீங்கள்தான்.

வாரிசு அடிப்படையில் பட்டா மாறுதல் கேட்டு எந்த மனு வந்தாலும், திருமணமாகி வேறு ஊருக்குப் போன மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளுக்கும் அவரவர் முகவரிக்கு அறிவிப்பு அனுப்பிய பிறகே பட்டா மாறட்டும். ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டும் நோட்டீஸ் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வாழும் மகளின் கண்ணில் படாது.

இவற்றில் எவற்றைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், செய்ய இயலாதவை எவை, எந்தச் சட்டப் பிரிவு அதற்குத் தடை என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். எங்கள் புல எண்ணில் இன்னும் இரண்டு மனைகள் காலியாகக் கிடக்கின்றன. இரண்டிலும் விற்பனைக்கு என்ற பலகை நட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அதே புல எண்ணில் குடியிருக்கும் ஓர் ஆசிரியை